மிச்சம் மூணு கரண்டு

வேண்டாக்காவின் வலது கண்ணில் வந்ததை முதலில் எல்லோரும் மெட்ராஸ் ஐ என்றுதான் சொன்னார்கள். தை மாதம். தர்பூசணிக் கொடிகள் பூ விட்டிருந்தன. அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு களை எடுத்தார். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, எதிரே வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"கண்ணாலத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ கூட எவனும் இப்பிடி வெக்கப்படல" என்று சிரித்தார்.

மாசியிலும் சிவப்பு போகவில்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சதை ஒன்று படர்ந்திருந்தது. வெட்டிய தர்பூசணியில் பச்சைத் தோலை ஒட்டி ஒரு வெளிர்சிவப்பு இருக்குமே, அந்த நிறம். மருந்துக்கடைச் சொட்டு மருந்துக்கு அது அசையவில்லை. வலியும் இல்லை. வலி இல்லாததால் யாரும் அவசரப்படவில்லை.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். கடல் தெரியாது, காற்று மட்டும் வரும். அந்தக் காற்றுக்காக என் மனைவி அனுதான் இந்த வீட்டைப் பிடித்தாள். வந்த வருடமே டெங்குவில் இறந்துவிட்டாள். வேறு வீடு பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. கம்பெனி வேலையை மாடியிலிருந்தே செய்கிறேன். சாயங்காலம் உட்கார்ந்தால் விடியும்போது எழுந்திருப்பேன். பகலெல்லாம் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் போகும்.

அனு இறந்த பிறகு வேண்டாக்கா அவள் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "அந்தப் பொண்ணு" என்பார். "அந்தப் பொண்ணு நட்ட கருவேப்பில தழைஞ்சிகினு கீது. ஒரு கொத்து எடுத்துக்கட்டா?" என்று கேட்டு எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் துக்கம் விசாரிப்பது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சதையைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார்கள். லிம்ஃபோமா என்றார்கள். கண்ணைச் சுற்றியிருக்கும் திசுக்களில் வருகிற, மெதுவாக வளர்கிற புற்றுநோய். உடம்பில் வேறெங்கும் இல்லை. கத்தியும் வேண்டாம், ஊசி மருந்தும் வேண்டாம். கதிர்வீச்சு கொடுத்தால் போதும், பன்னிரண்டு தடவை. அக்காவின் கணவர் கோதண்டராமன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கண்ணு நிக்குமா சார்?"

"இப்பவே குடுத்தா நிக்கும். பின்னாடி புரை வரலாம், அதை எடுத்துக்கலாம். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க."

கதிர்வீச்சுக்கு எங்கள் ஊரில் கரண்டு என்று பெயர். திரும்பி வரும்போது கோதண்டராமன் என் காரில் யோசித்துக்கொண்டே வந்தார்.

"எவ்ளோ வோல்ட்டு வெப்பான்? மோட்டாருக்கு மாரி மூணு பேஸா?"

"உன்னிய மாரி பியூஸ் போன ஆளுக்கு மூணு பேஸு. எனக்கு ஒண்ணு போதும்" என்றார் வேண்டாக்கா.

பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். வெயில் வேறு. என்னிடம் கார் இருந்தது, பகலும் இருந்தது. நானே கூட்டிப்போகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் குளித்து, புடவை மாற்றி, மோர் நிறைத்த பாட்டிலோடு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

திருப்போரூர் தாண்டினால் செங்கல்பட்டுச் சாலை காட்டுக்குள் நுழையும். இரண்டு பக்கமும் குட்டைக் குன்றுகள். நடுவில் குரங்குகள் சாவகாசமாகச் சாலையைக் கடக்கும். தார் ரோட்டில் தண்ணீர் தேங்கியிருப்பது போலத் தெரியும், கிட்டே போனால் இருக்காது. ராத்திரி வேலை பார்த்த கண்ணுக்கு அந்தத் தண்ணீர் நிஜமாகவே அசைந்தது. அக்கா பேசிக்கொண்டே வருவார். நான் தூங்கிவிடக்கூடாது என்றுதான் பேசினார் என்பது பிறகு புரிந்தது.

"உள்ள இன்னா பண்றாங்க?" என்று முதல் நாள் கேட்டேன். அவர் மாதிரியே பேச வந்துவிட்டது எனக்கு.

"சல்லட மாரி ஒரு அட்ட. சுடுதண்ணில போட்டு எடுத்து மூஞ்சில அமுக்குறாங்க. ஈர அப்பளம் மாரி தொளதொளன்னு கீது. ஆறினதும் கெட்டியாப் பூடுது. என் மூஞ்சி அப்பிடியே அதுல கீது தம்பி. மூக்கு ஒண்டி கொஞ்சம் எடுப்பா வந்துகீது. அத்த மாட்டி மேசையோட பூட்டிப்புடறாங்க. தும்மக்கூட முடியாது."

"பயமா இருந்துச்சா?"

"பயம் இன்னா பயம். நாலு புள்ள பெத்து மூணு வாரிக் குடுத்தவ. அது இல்ல தம்பி, ஒரு விசயம் கேளு." குரலைத் தணித்தார். "கண்ண மூடிக்கினுதான் கீறேன். நீலமா வருது."

"லைட்டா?"

"லைட்டு இல்ல. மின்னலும் இல்ல. கடலு உள்ள பூந்து அந்தாண்ட போற மாரி. கொஞ்ச நேரந்தான். நின்னு பூடுது."

அந்த இயந்திரத்தை இயக்கும் ஜெஸ்ஸி என்ற பெண்ணிடம் கேட்டேன். "கண்ணு கிட்ட குடுக்கறப்போ சில பேருக்கு அப்படித் தெரியும் சார், ஒண்ணும் பயமில்ல" என்றாள்.

வேண்டாக்காவுக்குப் பயம் இல்லை. அந்த நீலத்துக்காகவே அவர் போனார் என்று சொல்ல வேண்டும். திரும்பும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. இன்றைக்கு வெளுப்பாக இருந்தது, இன்றைக்கு அவுரிச் சாயம் மாதிரி இருந்தது என்பார். நான் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். காடு பின்னால் போகும். சில நாள் வீடு வந்து சேர்ந்த பிறகு வழியில் எதைப் பார்த்தேன் என்று ஒன்றும் நினைவிருக்காது, அவர் சொன்ன நீலம் மட்டும் இருக்கும்.

இமையைச் சுற்றித் தோல் சிவந்தது. கீழ்வரிசை மயிர் உதிர்ந்தது. கண் மணலாக உறுத்தியது. சொட்டு மருந்தைக் கோதண்டராமன்தான் விடுவார். கை நடுங்கிக் கன்னத்தில் விட்டுவிட்டுத் திட்டு வாங்குவார். அடுப்புப் புகை ஆகாது என்று சமையலையும் அவரே எடுத்துக்கொண்டார். குழம்பில் உப்பு இருக்காது, சோற்றில் இருக்கும்.

"ரெண்டையும் சேத்து பெசஞ்சா சரியாப் பூடும்" என்பார்.

"உன்னிய கட்டிக்கினதுக்குத்தான் எனக்குக் கண்ணு கெட்டுது" என்று சொல்லிக்கொண்டே அக்கா சாப்பிடுவார்.

ஒன்பது தடவை முடிந்தபோது இயந்திரம் கெட்டுப்போனது. சரியானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒரு நாள் போயிற்று, இன்னொரு நாள் போயிற்று. கூப்பிடவில்லை.

இங்கேதான் சிக்கல். கண் நிற்கட்டும், இந்த வருடமே தீ மிதிக்கிறேன் என்று மாசியிலேயே செல்லியம்மனுக்கு அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். தீமிதி சித்திரைக் கடைசியில். அதற்கு முன் கொடியேற்றி, மிதிக்கிறவர்களுக்கெல்லாம் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். அந்தச் சாயங்காலம் கட்டாவிட்டால் அந்த வருடம் கிடையாது. கட்டிவிட்டால் தீ மிதித்துக் காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. சாவு வீட்டுக்குக்கூட எல்லைவரைதான் போவார்கள். கரண்டு முடிந்த பிறகுதான் கொடியேற்றம் என்று அக்கா போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. இயந்திரம் கெடுவது அதில் இல்லை.

கொடியேற்றத்தன்றும் போன் வரவில்லை. அக்கா போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஜெஸ்ஸி கூப்பிட்டாள். "மெஷின் ரெடி சார். அம்மாவுக்கு மிச்சம் மூணு இருக்கு. ஏற்கெனவே கேப் விழுந்துடுச்சு, இன்னிக்கே வந்துடுங்க. டாக்டர் சொல்லச் சொன்னாரு."

நான் கீழே இறங்கிப் போய்ச் சொன்னேன். கோதண்டராமன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் கயிறு இன்னும் ஈரமாக இருந்தது.

"மச்சானக் கூப்புடறேன்" என்றார்.

கோயில் தர்மகர்த்தா ஜெகதீசன், வேண்டாக்காவின் அண்ணன். பனியனோடு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"எல்லையத் தாண்டறதுன்ற பேச்சே வேணாம். காப்புக் கட்டினவ தாண்டினா ஊருக்கே ஆவாது. அருணகிரி தாண்டிப் போயித்தான அந்த வருசம் தீயில வுழுந்தான்?"

"அவன் குடிச்சிட்டு வுழுந்தான் மச்சான்" என்றார் கோதண்டராமன்.

"குடிச்சவன் அத்தினி பேரும் வுழுந்தானா? அவன் ஒண்டி எதுக்கு வுழுந்தான்?"

கோதண்டராமன் உரித்த வெங்காயத்தைத் தள்ளி வைத்தார். "அப்ப அவுத்து எனக்குக் கட்டிவுடு. நான் மிதிக்கிறேன்" என்றார்.

"வேண்டிக்கினது அவ. கட்டிக்கினது அவ. உனக்கு எதுக்கு? வருசம் பூரா கோயில் பக்கம் தல காட்டாதவன் நீ."

"கண்ணு போச்சின்னா நீயா மச்சான் குடுப்ப?"

"அம்மா குடுப்பா. அவளத்தான வேண்டிகீது? அவமேல நம்பிக்க இல்லன்னா கரண்ட வேண்டிக்கினு இருக்கட்டும்."

வேண்டாக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அது அழுகை இல்லை, சிகிச்சையால் வருவது. ஆனால் பார்க்க அழுகை மாதிரியே இருந்தது. ஜெகதீசனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"இன்னாம்மா, நான் இன்னா உனக்கு எதிரியா? எனக்கு நீ ஒருத்திதான் கீற. மூணு கரண்டு தான? தீமிதி முடிஞ்சி போயி வெச்சிக்கோ. ஓடியா பூடும்?"

"ஓடிப் பூடும்னுதான் டாக்டர் சொல்றாரு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ படிச்ச புள்ள. ஒத்துக்கறேன். உன் பொண்டாட்டிய எந்த டாக்டரு காப்பாத்தினாரு?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உரித்த வெங்காயத்தின் வாசனை வந்தது. வெளியே ஒரு டிராக்டர் போயிற்று. வேண்டாக்காதான் எழுந்தார்.

"அண்ணாத்த, நீ வூட்டுக்குப் போ. அந்தப் புள்ளையப் போயி இன்னா பேச்சு பேசற நீ. போ, போயி பனியன் மேல சட்டையப் போடு."

ஜெகதீசன் போய்விட்டார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோதண்டராமன் மறுபடி வெங்காயம் உரித்தார். நான் மாடிக்குப் போய்ப் படுத்தேன். அரைத்தூக்கத்தில் நீலமாக ஏதோ வந்தது. அது எனக்கு வர வேண்டியதில்லை, அவருடையது என்று தூக்கத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கீழே கார் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டு இறங்கினேன். அக்கா குளித்து, புடவை மாற்றி, மோர் பாட்டிலோடு நின்றார்.

"போலாமா தம்பி?"

"காப்பு?"

மணிக்கட்டைக் காட்டினார். கயிறு இருந்தது. "எடு வண்டிய. பாலத்தாண்ட ஒரு நிமிசம் நிறுத்து."

எங்கள் ஊர் எல்லை ஏரிக் கால்வாய்ப் பாலம். அதன் அருகில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று இருக்கிறது. பாலத்தை அகலப்படுத்துகிறார்கள், அதனால் இரண்டு பக்கமும் ஜல்லி கொட்டிக் கிடந்தது. வெயில் கொளுத்தியது. வேலையாட்கள் வேப்பமரத்தடியில் படுத்திருந்தார்கள். அக்கா இறங்கினார். கல்லுக்குச் சூடம் ஏற்றப்போகிறார் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வரப்பில் நின்று பக்கத்து வயல்காரியிடம் பேசுவது போல, கோயில் இருந்த திசையைப் பார்த்துப் பேசினார்.

"இன்னாம்மா. நான் உன்னிய உட்டுட்டுப் போவல. உன் கண்ணுதான் இது, அத்தக் காப்பாத்தத்தான் போறேன். எல்லைய உட்டுப் போவக்கூடாதுன்றாங்க. நீ எங்க கீறியோ அதான் எல்ல. வா, வந்து வண்டில ஏறு. ஏசி கீது. நல்ல புள்ள, மெதுவா ஓட்டும்."

காரின் பின்கதவைத் திறந்தார். திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வயதானவர் ஏறும்போது நிற்போமே, அவ்வளவு நேரம். காற்றே இல்லை. உள்ளே இருந்த குளிர்ச்சி வெளியே போனது எனக்குக் காலில் தெரிந்தது.

கதவை மெதுவாகச் சாத்தினார். முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எடு."

எடுத்தேன். கல் பின்னால் போயிற்று. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது. திருப்போரூர்வரை மோர் பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார். வேகத்தடை வந்த இடத்தில் நான் வழக்கத்தைவிட மெதுவாக ஏற்றி இறக்கினேன். நடுக்கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். வெயிலும் நிழலும் மாறி மாறி அதன்மேல் ஓடின.

"ஏசிய கொஞ்சம் கொற" என்றார் அக்கா. "பழக்கம் இருக்காது."

மருத்துவமனையில் புங்கமர நிழலாகப் பார்த்து நிறுத்தினேன். இறங்கும்போது பின்கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று ஜெஸ்ஸி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"தம்பி கீது. அம்மா வண்டில ஒக்காந்துகினு கீறாங்க."

"வெயில்லயா? உள்ள வந்து உக்காரச் சொல்லலாமில்ல?"

"கூட்டம் ஆவாது அவங்களுக்கு."

திரும்பி வரும்போது பாலத்தில் ஆட்கள் நின்றார்கள். ஜெகதீசன் நடுவில், இப்போது சட்டை போட்டிருந்தார். நாலைந்து பேர் பின்னால். கோதண்டராமன் ஒரு ஓரமாக, தலையில் துண்டு போட்டுக்கொண்டு, யார் பக்கமும் இல்லாத மாதிரி. நான் காரை நிறுத்தினேன். அக்கா இறங்கியதும் ஜெகதீசன் கிட்டே வந்தார். முகம் கறுத்திருந்தது.

"யாரக் கேட்டுத் தாண்டின?"

"இரு."

"இன்னா இரு? ஊரு கூடி நிக்கிது, இருன்ற?"

"மொதல்ல அம்மா எறங்கட்டும். அப்பால பேசு."

பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஜெகதீசன் காலியான சீட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"இன்னா வேண்டா இது நாடகம்?"

"நாடகமா? மாசி மகத்துக்கு அம்மாள டிராக்டர்ல ஏத்திக்கினு மாமல்லபுரம் கடலுக்குப் போனியே, எல்லையத் தாண்டித்தான போன? கூட போனவங்கள்ல மகத்துக்குக் காப்புக் கட்டினவன் இல்லியா? நீயே கட்டிக்கினுதான கீந்த? அவகூடப் போனா தாண்டினதா ஆவாதுன்னு எனக்குச் சின்ன வயசுல சொன்னவன் யாரு?"

"அது ஊர்வலம். மேளம் வெச்சி, பூ வெச்சி…"

"மேளத்துக்கு நான் எங்க போவேன்? கூப்ட்டேன், வந்தா. வரலன்னு சொல்றியா? நீதான தர்மகர்த்தா, சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாரி சொல்லு. அந்த சீட்ல அவ இல்லன்னு."

கதவு திறந்தே இருந்தது. ஏசி உறுமியது. ஜெகதீசன் மறுபடியும் சீட்டைக் குனிந்து பார்த்தார். அவர் சொல்லிவிட்டால் முடிந்தது. அக்கா தீ மிதிக்க முடியாது, நாளைக்கு எல்லைக்கு வெளியே போகவும் விடமாட்டார்கள். அக்கா கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தார்.

ஜெகதீசன் செருப்பைக் கழற்றினார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"வழி உடுங்கடா" என்றார் பின்னால் இருந்தவர்களிடம்.

விலகினார்கள். ஒரு ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா வேண்டிய நேரம் காத்திருந்து கதவைச் சாத்தினார்.

மறுநாள் மத்தியானம் கார் கிளம்பும்போது ஜெகதீசனே வந்துவிட்டார். கையில் வேப்பிலைக் கொத்து, எலுமிச்சம்பழம், ஒரு முழம் கதம்பம். பின் சீட்டில் துண்டை விரித்து வைத்தார்.

"சொம்மா கூட்டிக்கினு போவாத. மரியாதையா கூட்டிக்கினு போ" என்று தங்கையிடம் சிடுசிடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். எதையோ சொல்ல வந்தவர் டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்தார். "காத்து கம்மியா கீது. புடிச்சிக்கினு போ நைனா" என்றார்.

கோதண்டராமன் தானும் வருகிறேன் என்றார்.

"எடம் இல்ல. அம்மா கால நீட்டிக்கினு வருவா" என்றார் அக்கா. "நீ போயி சோத்துல உப்பு போடாத."

அதற்கு அடுத்த நாள் மூன்றாவதும் முடிந்தது. சதை சுருங்கத் தொடங்கியிருக்கிறது, மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சொட்டு மருந்தை விடாமல் போடச் சொன்னார். தீ மிதிக்கலாமா என்று அக்கா அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கக்கூடாது என்று வழியிலேயே சொல்லிவைத்திருந்தார்.

காட்டுச் சாலையில் வெயில் சாய்ந்திருந்தது. குரங்குகள் மரத்துக்குப் போய்விட்டன. பின் சீட்டிலிருந்து கதம்ப வாசனை வந்துகொண்டிருந்தது.

"நாளைலேந்து அந்த நீலம் இல்ல" என்றார் அக்கா.

"ம்."

"இன்னிக்கு ரொம்ப நேரம் இருந்த மாரி கீந்துச்சி. அதுல ஆளுங்க தெரிஞ்சாங்க தம்பி."

"யாரு?"

"யாருன்னு தெரில. முதுகு ஒண்டிதான் தெரிஞ்சிது. தண்ணிக்குள்ள நடந்து போறாங்க. அவசரமே இல்லாம."

நான் கண்ணாடியில் பார்த்தேன். துண்டு, வேப்பிலை, பூ. அதற்குப் பக்கத்தில் பாதி சீட் காலியாக இருந்தது. அந்தப் பாதியில் வெயில் விழுந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெயில் எப்படி அசையாமல் இருக்கும் என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை. மெதுவாக ஓட்டினேன்.

பாலத்தில் இன்று யாரும் இல்லை. வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். நிறுத்தினேன். அக்கா இறங்கிப் போய்த் தன் பக்கத்துப் பின்கதவைத் திறந்தார்.

"வாம்மா. ஊரு வந்துடுச்சி" என்றார்.

நானும் இறங்கினேன். காரைச் சுற்றி வரவில்லை. என் பக்கத்துப் பின்கதவு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திறந்தேன். திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் பக்கமிருந்து காற்று வந்து இரண்டு கதவுகளுக்கும் நடுவே புகுந்து போயிற்று.

வேண்டாக்கா காரின் கூரைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"அந்தப் பொண்ணக் கீழ பாத்து எறங்கச் சொல்லு தம்பி" என்றார். "உன் பக்கம் ஜல்லி கொட்டிகீது."